பிரிட்டனில் ஹீட் பம்ப் மானியம்: இ.பி.சி. சான்றிதழ் தொடங்கி வவுச்சர் வரை

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ சொந்த வீடு வைத்திருக்கிறீர்கள், பழைய கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் போட நினைக்கிறீர்கள் என்றால், அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. பாய்லர் அப்கிரேடு ஸ்கீம் என்று பெயர். நடத்துவது அரசின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம். விதிகள் அப்படியொன்றும் கடினமில்லை. ஆனால் எதை முதலில் செய்வது, எந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் பேசுவது என்று வரிசையாகச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. நாங்கள் எங்கள் வீட்டுக்கு இதைச் செய்து முடிப்பதற்குள் மிகவும் அலைந்தோம். ஒரு கம்பெனி முடியாது என்று சொன்னதை அடுத்த கம்பெனி சுலபம் என்றது. தொலைபேசியில் சொன்னது ஒன்று, மின்னஞ்சலில் வந்தது வேறொன்று. இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே சொல்லும் தொகைகளும் விதிகளும் 2025ஆம் ஆண்டில் நடைமுறையில் இருந்தவை. இந்தத் திட்டத்தில் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். 2023 அக்டோபரில் தொகை 5,000 பவுண்டிலிருந்து 7,500 ஆனது. 2024 மே மாதம், வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் பற்றிய நிபந்தனை ஒன்று நீக்கப்பட்டது. அதனால் விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசு இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே ஹோம் எனர்ஜி ஸ்காட்லாந்து வழியாக 7,500 பவுண்டு மானியமும் அதற்கு மேல் வட்டியில்லாக் கடனும் தனியாக உண்டு. வடக்கு அயர்லாந்தும் இந்தத் திட்டத்தில் சேராது.

1. தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நீங்களே குடியிருக்க வேண்டும் என்பதில்லை. வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் வாங்கலாம். கவுன்சில் வீடு, ஹவுசிங் அசோசியேஷன் வீடு என்றால் கிடையாது. பில்டர் கட்டி விற்கும் புது வீட்டுக்கும் கிடையாது. நீங்களே நிலம் வாங்கிக் கட்டிய வீடு என்றால் உண்டு.

இப்போது இருக்கும் ஹீட்டிங் கேஸ், எண்ணெய், எல்பிஜி, நிலக்கரி அல்லது நேரடி மின்சார ஹீட்டராக இருக்க வேண்டும். ஏற்கெனவே ஹீட் பம்ப் இருந்து அதை மாற்றுவதற்குப் பணம் தர மாட்டார்கள். புது ஹீட் பம்ப் வீடு முழுவதையும் சூடாக்க வேண்டும், குளிக்கும் வெந்நீரையும் தர வேண்டும். "பாய்லரும் இருக்கட்டும், பக்கத்தில் ஹீட் பம்பும் இருக்கட்டும்" என்று இரண்டையும் கலந்து போடும் ஹைபிரிட் ஏற்பாட்டுக்கு இந்த மானியம் இல்லை. கேஸ் அடுப்பு இருக்கலாம், அதற்குத் தடை ஒன்றும் இல்லை. நம் வீடுகளில் பலரும் முதலில் கேட்கும் கேள்வி அது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபிளாட் வைத்திருப்பவர்கள், குறிப்பாக லீஸ்ஹோல்டில் இருப்பவர்கள், வேறு எதற்கும் செலவு செய்யும் முன் ஃப்ரீஹோல்டரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். வெளிச்சுவர் உங்களுடையது இல்லை என்றால் அங்கேயே வேலை நின்றுவிடும்.

2. இருக்கும் இ.பி.சி.யைத் தேடுங்கள்

இ.பி.சி. என்பது வீட்டின் எரிசக்திச் சான்றிதழ். வீடு வாங்கும்போது வக்கீல் அனுப்பிய கட்டில் பச்சையிலிருந்து சிவப்பு வரை பட்டைகள் போட்டு ஏ முதல் ஜி வரை எழுத்துகளோடு ஒரு காகிதம் இருந்திருக்கும். அதேதான். மானியத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது செல்லுபடியாக வேண்டும். சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு.

காகிதத்தைத் தேடி அலமாரியைக் கலைக்க வேண்டாம். அரசின் இணையப் பதிவேட்டில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் தெருவில் எல்லா வீட்டுச் சான்றிதழும் வரும். கட்டணம் இல்லை. உங்கள் வீட்டைத் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: காலாவதித் தேதி, நீளமான சான்றிதழ் எண், அதில் எழுதியிருக்கும் முகவரி.

முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வீட்டைப் பிரித்து "ஏ", "பி" என்று ஆக்கியவர்கள், "பிளாட் 1" என்றும் "தரைத்தளம்" என்றும் இரண்டு விதமாக முகவரி ஓடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சான்றிதழில் ஒரு முகவரி, லேண்ட் ரிஜிஸ்ட்ரியில் ஒரு முகவரி, மின்கட்டண ரசீதில் இன்னொன்று என்று இருந்தால் விண்ணப்பம் கேள்வியோடு திரும்பி வரும். இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

சான்றிதழ் செல்லுபடியாகிறது என்றால் புதிதாக எடுக்காதீர்கள். பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தாலும், லாஃப்ட்டை அறையாக்கியிருந்தாலும், பழைய சான்றிதழ் 10 ஆண்டு முடியும்வரை அல்லது புதியது பதிவாகும்வரை செல்லும். காலாவதிக்கு இரண்டு மூன்று மாதமே பாக்கி என்றால் மட்டும் காத்திருக்காமல் புதியதை எடுத்துவிடுங்கள். கொட்டேஷன் வாங்கி, ஹீட் பம்பைப் பொருத்தித் தரும் இன்ஸ்டாலரைப் பிடித்து, விண்ணப்பம் போவதற்குள் அந்தத் தேதி தாண்டிவிடும்.

3. புதிய இ.பி.சி. எடுக்க வேண்டியிருந்தால்

அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரை அதே அரசுப் பதிவேட்டில் போஸ்ட்கோடு போட்டுத் தேடலாம். வீட்டின் அளவையும் ஊரையும் பொறுத்துச் சுமார் 60 முதல் 120 பவுண்டு வரை கேட்பார்கள். எஸ்டேட் ஏஜென்ட் வழியாகப் போனால் நடுவில் ஒருவருக்குக் கமிஷன் போகும். நேராகக் கூப்பிடுவதே மேல்.

வந்தவர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். அந்த ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். ஏனென்றால் அவர் கண்ணால் பார்த்ததையும் காகிதத்தில் கண்டதையும்தான் எழுதுவார். வாயால் சொல்வதை எழுத அவருக்கு அனுமதி இல்லை. "சுவருக்குள் இன்சுலேஷன் போட்டிருக்கிறோம்" என்று நீங்கள் சொன்னாலும் ஆதாரம் இல்லையென்றால் அந்த வீடு கட்டிய காலத்துச் சுவர் எப்படி இருக்குமோ அப்படித்தான் கணினியில் போகும். சான்றிதழில் "இன்சுலேஷன் இல்லை, அனுமானம்" என்று வந்து உட்காரும்.

ஆகவே முதல் நாளே எடுத்து வையுங்கள்: ஜன்னல் மாற்றியபோது தந்த ஃபென்ஸா சான்றிதழ், நடுவே இடைவெளி உள்ள கேவிட்டி சுவர் இன்சுலேஷனுக்கான உத்தரவாதக் கடிதம், லாஃப்ட் அறைக்கோ எக்ஸ்டென்ஷனுக்கோ கவுன்சில் பில்டிங் கன்ட்ரோல் தந்த முடிப்புச் சான்றிதழ், பாய்லரின் மாடல் எண், வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்கள்.

அப்புறம் லாஃப்ட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மதிப்பீட்டாளர் ஏணி வைத்து ஏறி, தலையை உள்ளே விட்டு, இன்சுலேஷனின் உயரத்தை அளவுகோல் வைத்து அளந்து படம் எடுப்பார். இப்போது பரிந்துரைக்கும் உயரம் 270 மில்லிமீட்டர். எங்கள் வீட்டு லாஃப்ட் வாயில் ஊருக்குப் போகும் பெரிய சூட்கேஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால் கொலுப் படிகள், விசேஷத்துக்கு மட்டும் இறக்கும் பெரிய பாத்திரங்கள். அவர் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் இறக்கி, ஜாய்ஸ்ட் எனும் இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே இன்சுலேஷன் தெரியும்படி ஒரு இடத்தைத் திறந்து வைத்தோம். அங்கே 100 மில்லிமீட்டர்தான் இருந்தது. அதுவே பெரிய தகவல்: பலகை அடித்துச் சாமான் வைத்த லாஃப்ட்டில் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாய் அடைத்திருந்தால் அவர் அளக்காமலே அனுமானம் போட்டுவிட்டுப் போவார்.

அவர் போன பிறகு சான்றிதழ் பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். மின்னஞ்சலில் வந்த பிடிஎஃப் போதாது. பதிவேட்டில் இருப்பதுதான் ஆஃப்ஜெம் கணக்கு.

4. எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

"உங்கள் வீடு டி, குறைந்தது சி வேண்டும், முதலில் பத்தாயிரம் பவுண்டுக்கு இன்சுலேஷன் போடுங்கள்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்களிடமும் ஒருவர் சொன்னார். இந்த மானியத்துக்குக் குறைந்தபட்ச எழுத்து என்று ஒன்றுமே இல்லை. இ.பி.சி. இருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பு சான்றிதழில் லாஃப்ட், கேவிட்டி சுவர் இன்சுலேஷன் பரிந்துரை நிலுவையில் இருந்தால் அதை முடித்த பிறகே மானியம் என்று ஒரு விதி இருந்தது. 2024 மே 8 முதல் அது போய்விட்டது. பழைய விதியை மனதில் வைத்துக்கொண்டு பேசுபவர்களிடம் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

அதற்காக இன்சுலேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லாஃப்ட்டில் 270 மில்லிமீட்டர் வரை நிரப்புவது சில நூறு பவுண்டு வேலை. ஹீட் பம்ப்பின் அளவு முடிவாவதற்கு முன்பே அதைச் செய்துவிட்டால், வாழ்நாள் முழுவதும் பலன். திடச் சுவருக்கு உள்ளே பலகை அடிக்கும் வேலை வேறு. அது ஆயிரக்கணக்கில் போகும், அறையும் சுருங்கும். அதை மானியத்துக்காக அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹீட் பம்ப் போட்டபின் எழுத்து மேலே ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இ.பி.சி.யின் முதன்மை மதிப்பெண் எரிபொருள் செலவை வைத்துப் போடப்படுகிறது. மின்சாரம் கேஸைவிட விலை கூடியது என்பதால் கரியமிலவாயு பாதியாகக் குறைந்தாலும் எழுத்து அசையாமல் நிற்கலாம். வீட்டை விற்கும் எண்ணம் இருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

5. வருமானம் குறைவு என்றால் வேறு வழி பாருங்கள்

இங்கிலாந்தில் வார்ம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட் என்று ஒரு திட்டம் 2025இல் தொடங்கியது. கவுன்சில்கள் வழியாக நடக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 36,000 பவுண்டுக்கு மேற்படாமல், சொந்த வீட்டின் இ.பி.சி. டி முதல் ஜி வரை இருந்தால், இன்சுலேஷனுக்கு 15,000 பவுண்டு வரையும் ஹீட் பம்ப் போன்ற ஹீட்டிங்குக்கு 15,000 பவுண்டு வரையும் கிடைக்க வாய்ப்புண்டு. சில உதவித்தொகைகள் வாங்குபவர்களுக்கும், சில போஸ்ட்கோடுகளில் இருப்பவர்களுக்கும் வேறு வழியில் தகுதி உண்டு.

இங்கே எழுத்துக்கு மதிப்பு இருக்கிறது, அதுவும் தலைகீழாக. சி வந்துவிட்டால் தகுதி போய்விடும். ஆகவே வருமானம் அந்த எல்லைக்குள் இருக்கிறது என்றால், முதலில் கவுன்சிலைக் கேளுங்கள். கைக்காசு போட்டு வீட்டை சி ஆக்கிவிட்டு அப்புறம் போய் நிற்காதீர்கள். ஒரே ஹீட் பம்புக்கு இரண்டு அரசுப் பணமும் சேர்த்து வாங்க முடியாது.

6. இன்ஸ்டாலரைத் தேர்ந்தெடுங்கள்

மானியத்துக்கு நீங்கள் விண்ணப்பிப்பதில்லை. உங்கள் சார்பில் இன்ஸ்டாலர்தான் விண்ணப்பிக்கிறார். பணமும் அவருக்குத்தான் போகிறது, உங்கள் பில்லில் கழிக்கப்படுகிறது. அதனால் நல்ல இன்ஸ்டாலர் அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

அவருக்கு எம்.சி.எஸ். சான்று, அதாவது ஹீட் பம்ப், சோலார் போன்றவற்றைப் பொருத்துபவர்களுக்கான தரச்சான்று இருக்க வேண்டும். எம்.சி.எஸ். இணையதளத்தில் கம்பெனிப் பெயரைப் போட்டு நீங்களே பாருங்கள். சோலார் பேனலுக்கு மட்டும் சான்று வைத்திருப்பவர்களும் அங்கே இருப்பார்கள். காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்புக்குச் சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர்கள் ஒரு நுகர்வோர் நெறிமுறை அமைப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வாசலில் வந்து கதவைத் தட்டி "அரசு மானியத்துக்கு உங்கள் தெருவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்" என்று சொல்பவர்களிடம் இ.பி.சி. எண்ணையோ பிறந்த தேதியையோ கொடுக்காதீர்கள். இந்த மானியத்துக்குப் பதிவுக் கட்டணம் என்று எதுவும் கிடையாது. அப்படி யாராவது கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வயதான பெற்றோர் பகலில் தனியாக இருக்கும் வீடுகளில் இதை அவர்களுக்குத் தமிழில் புரியும்படி சொல்லி வையுங்கள்.

குறைந்தது மூன்று கம்பெனிகளிடம் கேளுங்கள். பெரிய எரிசக்திக் கம்பெனி ஒன்று, உள்ளூர்க் கம்பெனி இரண்டு என்று கலந்து கேட்டால் விலையும் புரியும், ஆளும் புரியும்.

7. ஹீட் லாஸ் சர்வே

இ.பி.சி. மானியத்தின் கதவைத் திறக்கும். வீடு சூடாக இருக்குமா, பில் எவ்வளவு வரும் என்பதை முடிவு செய்வது இந்த சர்வேதான். நீங்கள் நேரம் செலவிட வேண்டியது இங்கே.

ஆள் நேரில் வந்து ஒவ்வோர் அறையாக நீளம், அகலம், உயரம், ஜன்னல், வெளிச்சுவர், ரேடியேட்டர் எல்லாவற்றையும் அளந்து, வெளியே கடுங்குளிராக இருக்கும்போது அந்த அறை எத்தனை வாட் வெப்பத்தை இழக்கும் என்று கணக்குப் போடுவார். வீடு மொத்தத்துக்கும் சேர்ந்து வருவதுதான் ஹீட் பம்ப்பின் அளவு. இ.பி.சி.யில் இருக்கும் எண்ணை மட்டும் வைத்துத் தொலைபேசியிலேயே "உங்களுக்கு 12 கிலோவாட்" என்று சொல்பவரை விட்டுவிடுங்கள். தேவைக்கு மேல் பெரிய பம்ப் அடிக்கடி நின்று நின்று ஓடும், மின்சாரம் தின்னும்.

கேட்க வேண்டியவை இவை.

எந்த அறைக்கு எத்தனை டிகிரி வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்? வழக்கமாக வரவேற்பறைக்கு 21, படுக்கையறைக்கு 18 என்று போடுவார்கள். நம் வீட்டில் அம்மாவோ மாமனாரோ பகலெல்லாம் படுக்கையறையில்தான் இருப்பார்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு 18 டிகிரி போதவே போதாது. பம்ப் வந்தபிறகு "அறை சூடாகவில்லை" என்று சொல்லிப் பயனில்லை, 18க்கு வடிவமைத்தது 18தான் தரும். அந்த அறைக்கு 21 அல்லது 22 என்று சர்வே நாளிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு பெரிய ரேடியேட்டர் கூடும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மாமியார் தங்கும் சின்ன அறைக்கு ஒற்றை ரேடியேட்டரை எடுத்துவிட்டு இரட்டைப் பேனல் ரேடியேட்டர் வைத்தார்கள். ஜன்னலுக்குக் கீழே அதே இடம், கனம் மட்டும் கூடுதல்.

ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் எத்தனை டிகிரியில்? 45 டிகிரியில் வடிவமைத்தால் பம்ப் சிக்கனமாக ஓடும். 55 என்றால் ரேடியேட்டரை மாற்றும் செலவு மிச்சம், ஆனால் மாதாமாதம் மின்சார பில்லில் கொடுக்க வேண்டும்.

ஆண்டுச் சராசரித் திறன் எவ்வளவு? எஸ்.சி.ஓ.பி. என்பார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் என்பதே அது. மானியத்துக்குக் குறைந்தது 2.8 வேண்டும். ஆனால் 2.8 உங்கள் பாக்கெட்டுக்குப் போதாது. 2025இல் மின்சாரம் ஒரு யூனிட் கேஸைவிடச் சுமார் நான்கு மடங்கு விலை. பழைய பாய்லர் நூறில் பத்துப் பதினைந்தை வீணாக்குகிறது என்று வைத்தாலும், 3.5க்குப் பக்கத்தில் திறன் இருந்தால்தான் பில் சமமாகும். ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கென்று சில கம்பெனிகள் தரும் மலிவு நேரக் கட்டணத்தில் சேர்ந்தால் அதற்குக் குறைவிலும் கட்டுப்படியாகும்.

குழாய் எவ்வளவு அகலம்? சில வீடுகளில் ரேடியேட்டருக்கு 8 அல்லது 10 மில்லிமீட்டர் குழாய் ஓடும். மைக்ரோபோர் என்பார்கள். எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும் என்பதில்லை, ஆனால் கணக்கில் எடுத்தார்களா என்று கேளுங்கள். மாற்றுவதென்றால் தரைப்பலகையைப் பெயர்க்க வேண்டும்.

வெந்நீர் சிலிண்டர் எங்கே? குழாயைத் திறந்ததும் தண்ணீரைச் சூடாக்கித் தரும் காம்பி பாய்லர் வைத்திருப்பவர்களுக்குச் சிலிண்டரே இருந்திருக்காது. ஹீட் பம்புக்குக் கட்டாயம் வேண்டும். நால்வர் இருக்கும் வீட்டுக்கு 200 லிட்டர் அளவில் சொல்வார்கள். ஆறேழு பேர் காலையில் வரிசையாகக் குளிக்கும் வீடு என்றால் 250 லிட்டர் கேளுங்கள், அல்லது நடுவில் மறுபடி சூடாக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். பழைய வெந்நீர் அலமாரியைப் பூஜை அலமாரி ஆக்கியவர்கள் சாமிக்கு வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும். இதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள், சர்வே நாளில் பேச ஆரம்பிக்க வேண்டாம்.

8. மின் இணைப்பும் வெளியே வைக்கும் இடமும்

மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பிரதான ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து இன்ஸ்டாலர் மின்விநியோக நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். லண்டனின் பெரும்பகுதியில் அது யுகே பவர் நெட்வொர்க்ஸ். பழைய தொடர்வீடுகளில் உங்கள் வீட்டுக்கு வரும் கேபிள் பக்கத்து வீட்டுக்கும் பிரிந்து போகும். லூப்ட் சப்ளை என்று பெயர். அப்படியிருந்தால் பிரித்துத் தனி இணைப்புத் தர வேண்டும். பொதுவாக இதற்கு உங்களிடம் பணம் வாங்க மாட்டார்கள், ஆனால் வாரக்கணக்கில் ஆகும், பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதமும் தேவைப்படலாம். சர்வே முடிந்த உடனேயே இந்த விண்ணப்பம் போய்விட்டதா என்று கேளுங்கள். காலதாமதம் அதிகமும் வருவது இங்கேதான்.

வெளி யூனிட்டுக்கு இங்கிலாந்தில் பெரும்பாலும் பிளானிங் அனுமதி தேவையில்லை. எல்லைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்ற விதியும் 2025 மே மாத இறுதியில் நீங்கிவிட்டது. வீடுகளுக்கு 1.5 கன மீட்டர் அளவு வரை வைக்கலாம். ஆனால் சத்தத்துக்கான கணக்கை இன்ஸ்டாலர் போட்டுக் காட்டியே ஆக வேண்டும். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், விதி அனுமதித்தாலும் வேண்டாம். கன்சர்வேஷன் ஏரியா, லிஸ்டட் பில்டிங் என்றால் முதலில் கவுன்சிலைக் கேளுங்கள். வேல்ஸில் விதி வேறு.

9. கொட்டேஷனைப் படிக்கும் விதம்

சாதாரண மூன்று படுக்கையறை வீட்டுக்கு மானியத்துக்கு முன் பன்னிரண்டு பதின்மூன்றாயிரம் பவுண்டைச் சுற்றி வரும். மானியம் போக நீங்கள் கட்டுவது நான்கைந்தாயிரம். ரேடியேட்டர் நிறைய மாற்ற வேண்டியிருந்தால் கூடும். 2027 மார்ச் 31 வரை இந்த வேலைக்கு வாட் வரி பூஜ்யம். கொட்டேஷனில் 20 சதவீதமோ 5 சதவீதமோ போட்டிருந்தால் கேளுங்கள்.

பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விலை மானியத்துக்கு முன்னா பின்னா என்று பாருங்கள். மொத்த விலை, கழித்த 7,500, நீங்கள் தர வேண்டியது என்று மூன்று வரியாகத் தனித்தனியே இருக்க வேண்டும். "முழுப் பணத்தையும் கட்டிவிடுங்கள், மானியம் வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய பாய்லரையும் தொட்டியையும் எடுத்துப் போவது, சுவரில் ஓட்டை அடைப்பது, மின்வேலை, புது தெர்மோஸ்டாட் எல்லாம் இதில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்: மானியம் கிடைக்காமல் போனால் அந்த 7,500 யார் தலையில்? சில ஒப்பந்தங்களில் அது சத்தமில்லாமல் உங்கள் தலையில் விழுந்திருக்கும். "வவுச்சர் வந்த பிறகே வேலை தொடங்கும், வராவிட்டால் முன்பணம் திரும்பும்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வவுச்சர் என்பது மானியத்துக்கு ஆஃப்ஜெம் தரும் ஒப்புதல். எங்களுக்கு ஒரு கம்பெனி எழுதித் தர மறுத்தது. அவர்களை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போனோம்.

10. வவுச்சர்

இன்ஸ்டாலர் கேட்கும் தகவல் அதிகம் இல்லை: உரிமையாளர் பெயர், முகவரி, இ.பி.சி. எண், மின்னஞ்சல், இப்போதைய ஹீட்டிங் என்ன என்பது. பாய்லரைக் கழற்றும் முன் அதையும் அதன் மாடல் பட்டையையும் நீங்களே படம் எடுத்து வையுங்கள். கழற்றிப் போட்டபின் எடுக்க முடியாது.

விண்ணப்பம் போனதும் ஆஃப்ஜெம்மிலிருந்து உங்களுக்கு மின்னஞ்சல் வரும். "இந்தக் கம்பெனி உங்கள் சார்பில் விண்ணப்பித்திருக்கிறது, சம்மதமா" என்று கேட்கும். அதற்குக் கெடு உண்டு. ஸ்பாம் பெட்டியில் விழுவது சகஜம். பெற்றோர் பெயரில் வீடு இருந்து, அவர்கள் மின்னஞ்சலே பார்க்காதவர்கள் என்றால், பிள்ளைகள் யாராவது தினமும் திறந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். பதில் போகவில்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும், இன்ஸ்டாலரும் அதைக் கவனிக்காமல் இருப்பார்.

வவுச்சர் வந்தால் காற்று ஹீட் பம்புக்கு மூன்று மாதம் செல்லும். நிலத்திலிருந்து வெப்பம் எடுக்கும் வகைக்கு ஆறு மாதம். அதற்குள் பொருத்தி முடித்து இன்ஸ்டாலர் பணத்தைக் கேட்டுவிட வேண்டும். மின் இணைப்பு வேலை நிலுவையில் இருக்கும்போது அவசரப்பட்டு வவுச்சர் எடுத்தால் இந்த மூன்று மாதம் வீணாகக் கரையும்.

காலக்கணக்கு: இ.பி.சி.க்கு ஓரிரு வாரம், சர்வேயும் கொட்டேஷனும் ஒரு மாதம், பிறகு வவுச்சர், பொருத்துவதற்கு மூன்று முதல் ஐந்து நாள். எல்லாம் ஒழுங்காகப் போனால் இரண்டு மூன்று மாதம். ஏப்ரல், மே மாதங்களில் தொடங்குங்கள். ஜனவரியில் பாய்லர் உடைந்த பிறகு தொடங்கினால் குளிரில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது, கையில் கிடைத்த கேஸ் பாய்லரைத்தான் மறுபடி போடுவீர்கள்.

11. பொருத்தும் வாரமும் அதற்குப் பிறகும்

ஓரிரு நாள் ஹீட்டிங்கும் வெந்நீரும் இருக்காது. கைக்குழந்தை இருந்தால் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்து ஆட்கள் கிளம்பும் முன், கண்ட்ரோலரில் தண்ணீர்ச் சூடு வடிவமைப்பில் சொன்ன அளவில் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். 45க்கு வடிவமைத்துவிட்டு 55இல் விட்டுப் போகிறவர்கள் உண்டு. வெளிக்குளிருக்கு ஏற்பத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வெதர் காம்பன்சேஷனை இயக்கி வைக்கச் சொல்லுங்கள். பாய்லர் மாதிரி காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று போட்டு நிறுத்தாதீர்கள். மெதுவாக, நாள் முழுவதும் ஓடவிடுவதுதான் இதற்குச் சிக்கனம்.

எம்.சி.எஸ். சான்றிதழ், பில்டிங் ரெகுலேஷன் சான்று, சிலிண்டர் உத்தரவாதம், ஹீட் லாஸ் கணக்கின் முழு அறிக்கை, மானியம் கழித்த பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஆஃப்ஜெம் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து நேரில் வந்து பார்ப்பதுண்டு. வீட்டை விற்கும்போதும் வக்கீல் கேட்பார். உத்தரவாதம் நிற்க வேண்டுமென்றால் ஆண்டுக்கொருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும் என்று பல கம்பெனிகள் நிபந்தனை போடுகின்றன, அதையும் படித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கேஸ் அடுப்பும் இல்லை என்றால், கேஸ் மீட்டரை எடுக்கச் சொல்லி உங்கள் கேஸ் கம்பெனிக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும். இன்ஸ்டாலர் செய்ய மாட்டார். சொல்லாமல் விட்டால் ஒரு யூனிட்கூட எரிக்காத கேஸுக்கு தினசரி நிலைக்கட்டணம் ஆண்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும்.